உழுசாலில் வரும் பழங்காசு

பொருநையாறு கடலை நாடிச் செல்லும் கடைமடைப் பகுதியில் நிலம் வைத்திருக்கும் நம் அங்கத்தினர்களுக்குப் பழம்பொருள் என்பது புதுமையன்று. கோடையுழவின்போது பானையோடுகள் மேலே வரும். குளத்து வண்டலை அள்ளி வயலில் பரப்பினால், அடுத்த மழைக்குப் பின் அறுத்த சங்குத் துண்டும் சிறு மணியும் கண்ணிற்படும். கிணறு வெட்டுமிடத்தில் தாழியின் விளிம்பு மண்வெட்டியில் தட்டும். எப்பொழுதேனும் களிம்பேறிக் கறுத்த காசொன்றும் கிடைக்கும். அதனைத் துலக்கி மாடத்தில் வைப்பாரும் உளர். பழைய செம்பு பித்தளை வாங்குவோரிடம் எடைக்குப் போடுவாரும் உளர். மஞ்சள் நிறம் தெரிந்துவிட்டாலோ, ஒருவருக்கும் சொல்லாமல் பத்தரிடம் கொண்டுசென்று உரைத்துப் பார்ப்பாரும் உளர்.

இதுகாறும் மண் தானாகக் கொடுத்ததைத்தான் மனிதன் எடுத்தான். இப்பொழுதோ மெட்டல் டிடெக்டர் எனப்படும் உலோகம் காட்டும் கருவி, பணமுள்ளார் எவரும் வாங்கக்கூடிய பொருளாகிவிட்டது. மேல்நாடுகளில் ஓய்வு நாட்களில் இக்கருவியைக் கையிலேந்தி வயல் வயலாகத் திரிவது பலருக்குப் பொழுதுபோக்கு. அவ்வாவல் நம் பக்கத்திற்கும் வருமாயின் அதனால் விளையும் நன்மை யாது, கேடு யாது, சட்டம் கூறுவது யாது என்பவற்றை நெசவாளரும் பயிரிடுவோருமாகிய நாம் முன்கூட்டியே ஆராய்ந்து வைத்துக்கொள்ளுதல் நலம். ஏனெனில் தோண்டப்படும் வயல் நம்முடையது. அவ்வயலினடியில் கிடப்பதும் நம் தொழில்களின் பழைய கணக்கே ஆகும்.

நம் நிலத்தின் அடியில்

இன்று நெல்லும் வாழையும் விளையும் கொற்கை, ஒரு காலத்தில் கப்பல் வந்து நின்ற துறைமுகம். பொருநை கொணர்ந்த வண்டல் கடலைப் பின்தள்ள, துறை ஊராகி, ஊர் வயலாகி, இன்று அது கடற்கரையினின்று சில கிலோமீட்டர் உள்ளே நிற்கின்றது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடல்வழி நூலும், இரண்டாம் நூற்றாண்டின் தாலமியும் இத்துறையையும் இங்கு நடந்த முத்துக்குளிப்பையும் குறிக்கின்றனர். கொற்கைக்குப் பின் காயல் தலையெடுத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ அத்துறையைப் பற்றி எழுதிவைத்தார். கால்டுவெல் ஐயர் 19ஆம் நூற்றாண்டில் இவ்விரண்டு ஊர்களையும் ஆராய்ந்தபோது, பழைய காயலின் வெளிகளில் சீனத்துப் பாண்டங்களின் உடைசல்கள் சிதறிக் கிடக்கக் கண்டார்.

ஆற்றின் கரையோடு மேற்கே சென்றால் திருவைகுண்டத்தை அடுத்து ஆதிச்சநல்லூர்ப் பரம்பு இருக்கின்றது. 1876இல் ஜெர்மனி நாட்டு யாகோர் என்பார் அங்கு முதன்முதலில் தோண்டி எடுத்த பொருள்கள் பெர்லினுக்குச் சென்றன. 1899 முதல் 1905 வரையில் அலெக்சாந்தர் ரீ அகழ்ந்து எடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் இரும்புப் படைக்கலங்களும் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. மத்தியத் தொல்லியல் துறையினர் 2004-05இலும், 2021 முதலாகவும் மீண்டும் அங்கு அகழ்ந்தனர். தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1968-69இல் கொற்கையிலும், அண்மை ஆண்டுகளில் சிவகளையிலும் கொற்கையிலும் அகழாய்வு நடத்தியது. கொற்கையில் முதலில் எடுக்கப்பட்ட கரித்துண்டு ஒன்று கி.மு. 785 என்னும் காலத்தைக் காட்டிற்று.

இத்துணைப் பழமையும் அரசாங்கம் வேலியிட்ட சில ஏக்கர்களுக்குள் அடங்கிவிடவில்லை. பெரும்பகுதி பட்டா நிலங்களிலும் குளக்கரைகளிலும் தேரிக்காடுகளிலும் பரந்து கிடக்கின்றது. ஆகவே அதன் காவலர் யாவர் எனின், அந்நிலத்தில் நாள்தோறும் கால் வைக்கும் உழவரே ஆவர்.

கருவி கேட்பதும் கேளாததும்

கருவியின் இயல்பைச் சிறிது அறிவோம். நீண்ட கோலின் அடியில் வட்டமான கம்பிச்சுருள் ஒன்று இருக்கின்றது. அதில் மாறி மாறிப் பாயும் மின்னோட்டம் மண்ணுக்குள் காந்த விசையைச் செலுத்துகின்றது. அவ்விசை படும் உலோகத்தில் சிறு மின்சுழல்கள் எழுந்து எதிர்விசையைத் திருப்பி அனுப்ப, கருவி அதனை ஒலியாக்கித் தெரிவிக்கின்றது. 1881இல் அமெரிக்கத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் பாய்ந்த குண்டினைத் தேடுவதற்காகத் தொலைபேசி கண்ட கிரகாம் பெல் இத்தகைய கருவியொன்றைச் செய்து பார்த்தார். அம்முயற்சி பலிக்கவில்லை. ஆயினும் அதன் தத்துவமே பிற்காலத்தில் கண்ணிவெடி தேடுவதற்கும், விமான நிலையத்துச் சோதனைக்கும், வயலில் காசு தேடுவதற்கும் பயன்படலாயிற்று.

சாதாரணக் கருவி தனிக் காசொன்றை ஏறத்தாழ ஒரு சாண் ஆழம் வரையிலேயே அறியும். உப்புநீர் ஊறிய கடற்கரை மணலிலும், இரும்புத் தாது கலந்த கருமணலிலும், செந்தேரியிலும் அது காரணமின்றி ஒலித்து ஆளை ஏமாற்றும். உழுத வயலிலோ உடைந்த கொழுவும், மாட்டு லாடமும், ஆணியும், சோடாப் புட்டியின் மூடியும் நூறு முறை ஒலியெழுப்பிய பின்னரே பழங்காசு ஒன்று ஒலிக்கக்கூடும். தோண்டிய குழிகளுக்கோ குறைவிராது.

இவையெல்லாம் சிறு குறைகள். பெருங்குறை வேறொன்று. கருவி உலோகத்தை மட்டுமே கேட்கும். பானையோட்டை அது கேளாது. சங்கைக் கேளாது, முத்தைக் கேளாது, எலும்பையும் கரியையும் கேளாது. நெல்லையும் துணியையும் அறவே கேளாது.

நெல்லும் துணியும்

ஆதிச்சநல்லூர்த் தாழிகளிலிருந்து ரீ எடுத்தவற்றுள் பொன்னையும் வெண்கலத்தையும் பலரும் பேசுவர். அத்தாழிகளுக்குள்ளிருந்த சிறு கலங்களில் நெல்லின் உமியும் சிறுதானியத்தின் உமியும் மிகுதியாகக் கிடந்தன என்பதையும், துணியின் அடையாளங்கள் எஞ்சியிருந்தன என்பதையும் அவர் குறித்து வைத்தார். உழவனின் விளைபொருளும் நெசவாளனின் கைப்பொருளும் இறந்தாரோடு வழித்துணையாக வைக்கப்பட்டிருந்தன என்பது இதனால் தெரியவருகின்றது.

சிவகளையில் ஒரு தாழியினுள் கிடைத்த நெல்லை அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது அது கி.மு. 1155ஆம் ஆண்டளவினது என்று தெரிந்தது. இச்செய்தி 2021 செப்டம்பர் 9 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. பொருநைக் கரையின் நாகரிகம் 3200 ஆண்டுப் பழமையுடையது என்று அன்று உரைக்கப்பட்டதற்கு ஆதாரமாக நின்றது ஒரு பிடி நெல்லே. பின்னர் 2025 சனவரி 23 அன்று வெளியான இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கை, சிவகளையில் இரும்புப் பொருள்களோடு கிடந்த கரித்துண்டுகளின் காலம் கி.மு. 3345 வரை செல்கின்றது என்று கூறுகின்றது. இங்கும் காலத்தைச் சொன்னது இரும்பன்று. இரும்பின் அருகே கிடந்த கரி.

இவ்விடத்தில் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். ஒலிக்கும் கருவியோடு ஒருவன் இரவில் அப்பரம்பிற்கு வந்திருப்பான் ஆயின் என் செய்திருப்பான்? இரும்பு வாளின் ஒலி கேட்டுத் தோண்டுவான்; தாழியை உடைப்பான்; நெல்லும் கரியும் மண்ணோடு மண்ணாகக் கலந்துவிடும். வாளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துருவைச் சுரண்டுவான். நிலத்தில் புதைந்த துணி மட்கிப்போவது இயற்கை; ஆனால் இரும்பையோ செம்பையோ ஒட்டிக் கிடந்த துணியின் இழைகள் துருவிலும் களிம்பிலும் ஊறி, ஊடும் பாவும் எண்ணிப் பார்க்கத்தக்க அளவில் தங்குவது உண்டு. துருவைச் சுரண்டுகிறவன் தறியின் தடத்தையே சுரண்டுகின்றான். முடிவில் அவன் கையில் மிஞ்சுவது பழைய இரும்புத் துண்டு. போனதோ உழவர் வரலாற்றில் ஓர் ஏடும், நெசவாளர் வரலாற்றில் ஓர் ஏடும்.

இடத்தோடு இருக்கும் காசு

காசுக்கும் இதுவே பொருந்தும். 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் ரோமாபுரிப் பொற்காசுகள் 501 ஒருங்கே கிடைத்தன. அவை ஒன்றாக ஆராயப்பட்டமையால், பெரும்பாலானவற்றில் பேரரசர் தலையின்மேல் ஒரு வெட்டு விழுந்திருப்பது புலனாயிற்று. ஒரு காசில் மட்டும் வெட்டிருந்தால் அதனைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். நூற்றுக்கணக்கானவற்றில் இருக்கும் வெட்டு வேண்டுமென்றே இட்டதாகும். அவை நாணயமாகச் செல்லாதபடி, பொன்னாக மட்டும் மதிக்கப்படுவதற்காக அவ்வாறு செய்தனர் என்பர் ஆய்வாளர் சிலர். அக்காசுகளை ஐந்தும் பத்துமாகப் பங்கிட்டுப் பத்தர்களிடம் உருக்கியிருந்தால் இவ்வினாவே பிறந்திராது.

விலை குறைந்த காசு பெரிய செய்தி சொல்வதும் உண்டு. பாண்டியரின் சதுரச் செப்புக்காசு ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘பெருவழுதி’ என்னும் பெயர் பொறித்திருப்பதை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி வெளிப்படுத்தினார். சங்ககாலப் பாண்டியர் தம் பெயரெழுதிக் காசு வெளியிட்டனர் என்பதற்கு அது சான்றாயிற்று. எடைக்குப் போட்டால் அதன் விலை ஒரு வேளைத் தேநீருக்கும் காணாது.

புதையல் சட்டம் கூறுவது

பட்டா நிலத்தில் கிடைத்தது பட்டாதாரருக்கே சொந்தம் என்று எண்ணுவோர் பலர். கிடைத்தது யாவும் சர்க்காருக்கே போய்விடும் என்று அஞ்சுவோர் அதனினும் பலர். இரண்டும் சரியல்ல. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் சாரம் வருமாறு:

மண்ணில் மறைந்து கிடந்து வெளிப்படும், மதிப்புள்ள எப்பொருளும் புதையலே. அதன் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்படின், கண்டெடுத்தவர், பொருளின் தன்மை, அளவு, கிடைத்த இடம், கிடைத்த நாள் ஆகியவற்றைக் குறித்து மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டுவருவதாகப் பிணை தரவேண்டும். ஆட்சியர் விளம்பரம் செய்து உரிமை கோருவோரை விசாரிப்பார். நூறு ஆண்டுகளுக்குள் இன்னார் புதைத்தது என்று நிறுவப்படாவிடில் அது உரிமையாளரற்ற பொருளாகும். அப்பொழுது, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கும் கால் பங்கு நிலத்துக்குரியவருக்கும் சேரும். அரசாங்கம் தானே பொருளை எடுத்துக்கொள்ள விரும்பினால், அதன் உலோக மதிப்பையும் அம்மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி உரியவர்களுக்குக் கொடுத்தல் வேண்டும்.

கண்டெடுத்தவர் அறிவியாது மறைத்தால் தம் பங்கை இழப்பதோடு, ஓராண்டு வரை சிறைக்கோ அபராதத்துக்கோ இரண்டுக்குமோ ஆளாவார். மறைப்பதற்குத் துணைபோகும் நிலக்காரருக்கும் ஆறு மாதம் வரை சிறை உண்டு. இவையன்றி, பாதுகாக்கப்பட்டதென அறிவிக்கப்பட்ட இடங்களில் உரிமம் இன்றித் தோண்டுவது மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் தமிழ்நாட்டின் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் குற்றமாகும். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்புதல் ஆகாது. உரிமம் இன்றி அதனை வாணிகம் செய்தலும் ஆகாது.

இச்சட்டத்தில் நம்மவர் முதன்மையாகக் கவனிக்க வேண்டியது, கண்டெடுத்தவருக்கு அளிக்கப்பட்டுள்ள இடம். கூலிக்குக் களையெடுக்க வந்த பெண்மணியின் கையில் குடம் தட்டுப்பட்டாலும், சட்டத்தின் சொற்படி அவரே கண்டெடுத்தவர். முத்துக் குளிப்போர் வழக்கத்தை அறிந்த நம் கரையோர மக்களுக்கு இது எளிதில் விளங்கும். தூத்துக்குடியில் சர்க்கார் நடத்திய முத்துக்குளிப்பில், எடுத்துவந்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவருக்கு என்றும் எஞ்சியது சர்க்காருக்கு என்றும் கரையிலேயே பிரித்து வைப்பார்கள். 1955 முதல் 1961 வரை நடந்ததே இங்கு இறுதியாக நிகழ்ந்த முத்துக்குளிப்பு வரிசை. சலாபத்தில் பங்கு வெளிச்சத்தில் பிரிக்கப்பட்டது. ஆகவே எளியவனுக்கும் தன் பங்கு கிட்டியது. வயலில் கிடைத்ததை இருட்டில் பிரித்தால் எளியவர் பங்கே முதலில் மறையும்.

சட்டத்தின் குறை

எனினும் இச்சட்டம் குறையற்றது என்று நாம் கூற வரவில்லை. உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு என்னும் கணக்குப் பொன்னுக்குப் பொருந்தலாம். எழுத்துப் பொறித்த செப்புக்காசுக்குப் பொருந்துமா? சேகரிப்போர் ஆயிரக்கணக்கில் விலை தரக்கூடிய காசுக்குச் செம்பு விலை தருவோம் என்றால், ஏழை உழவர் வாய் திறப்பாரா? விசாரணைக்காக அலைவதும், நிலம் கைவிட்டுப் போகுமோ என்னும் அச்சமும் இதனோடு சேர்கின்றன. நேர்மையைச் சட்டம் எதிர்பார்ப்பது முறையே. அந்நேர்மைக்குத் தக்க மதிப்பளிப்பதும் சட்டத்தின் கடமையே.

இங்கிலாந்து இவ்வகையில் கண்ட வழி கருதத்தக்கது. அங்கு 1996இல் இயற்றிய புதையல் சட்டத்தின்படி, கண்டெடுத்தவர் 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் ஏற்குமாயின் சந்தை மதிப்பை ஒரு குழு கணிக்க, அத்தொகை கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்குரியவருக்கும் பகிரப்படும். புதையல் அல்லாத சிறு பொருள்களையும் விரும்பிப் பதிவு செய்வதற்கான திட்டம் 1997இல் தொடங்கிற்று; அதில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியுள்ளன.

அச்சட்டத்திற்கு முன்பே, 1992 நவம்பரில், சஃபோக் மாநிலத்தின் ஹாக்ஸ்ன் ஊரில் நிகழ்ந்த ஒன்று இன்றும் பேசப்படுகின்றது. வயலில் தொலைந்த ஒரு சுத்தியலைத் தேடித்தரும்படி உழவர் கேட்க, எரிக் லாஸ் என்னும் முதியவர் தம் கருவியோடு சென்றார். ஒலித்த இடத்தில் ரோமானியப் பொன்னும் வெள்ளியும் வெளிவந்தன. அவர் முழுவதையும் வாரிக்கொள்ளாமல், தோண்டுவதை நிறுத்திவிட்டு அறிவித்தார். தொல்லியலார் வந்து முறையாக அகழ்ந்தனர். ஏறத்தாழ 15,000 காசுகள் கிடைத்தன. அவற்றோடு அவை இருந்த மரப்பெட்டியின் சுவடும், உட்பொருள்களைப் பொதிந்து வைத்த கம்பளித் துணி, வைக்கோல் ஆகியவற்றின் சுவடும் கிடைத்தன. 17½ இலட்சம் பவுன் சன்மானத்தை லாஸ் அவ்வுழவரோடு பகிர்ந்துகொண்டார். தேடிப்போன சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. கருவி கெட்டதன்று, எங்கே நிறுத்துவது என்று அறிந்த கையில் அது உதவியே செய்யும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

நாம் செய்யத்தக்கவை

வயலில் பழம்பொருள் தென்பட்டால் முதற்கண் மண்வெட்டியை நிறுத்துக. பொருளைக் கழுவ வேண்டாம், சுரண்ட வேண்டாம், புளியிட்டுத் துலக்க வேண்டவே வேண்டாம். குடமோ தாழியோ எனின் அசைக்காமல் மேலே மண்ணைப் போட்டு மூடி வைக்க. சர்வே எண், வரப்பிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம், எந்த நாள் என்பவற்றை எழுதுக. இருந்தவாறே கைப்பேசியில் படமெடுத்து வைக்க. பின் கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரிவித்து, ஆட்சியருக்கு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிப் பத்திரப்படுத்துக. கண்டெடுத்தவர் கூலியாளாயின் அவர் பெயரும் அம்மனுவில் இருத்தல் வேண்டும்.

இதில் நம் சங்கங்களுக்கு ஒரு பணி உண்டு. தனியொருவர் அலுவலகம் ஏறுவதற்கு அஞ்சுவார். சங்கத்தின் செயலாளர் உடன் சென்றால் அஞ்சமாட்டார். மனு எழுதித் தருவது சங்கத்தால் ஆகக்கூடியதே. நகைக்கடன் கேட்டு வரும் பொருளில் பழங்காசு இருப்பின், அடகாக ஏற்பதற்குமுன் நல்ல வழி சொல்லி அனுப்புவதும் ஆகக்கூடியதே. ஆண்டுக்கொருமுறை பொதுக்குழுவில் புதையல் சட்டத்தைப் படித்து விளக்கலாம். உலோக விலைக்குப் பதில் உரிய மதிப்பும், காலதாமதமற்ற விசாரணையும் வேண்டுமென்று அரசாங்கத்துக்குத் தீர்மானம் அனுப்பலாம். ஒருவர் கேட்டால் முறையீடு. ஆயிரம் அங்கத்தினர் கேட்டால் கொள்கை.

மற்றொரு எச்சரிக்கை. கருவியைக் காட்டி, உங்கள் நிலத்தில் பொன் இருக்கின்றது, பூசைக்கும் செலவுக்கும் முன்பணம் தருக என்று வருவோரை வாசலிலேயே திருப்பி அனுப்புக. அவர்கள் கருவி ஒலிப்பது நம் மடியிலுள்ள பணத்தைக் கண்டே.

நிலத்தை நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்றபோது, அதன் மேலிருந்த விளைச்சலுரிமையோடு அடியிலிருந்த கணக்கேட்டையும் சேர்த்தே விட்டுச் சென்றனர். சங்கத்தின் கணக்கேட்டில் ஒரு தாளைக் கிழித்தாலும் தணிக்கையின்போது அது குற்றமாகும். மண்ணுக்குள் இருக்கும் ஏட்டுக்குப் படியெடுத்த நகல் கிடையாது. ஒருமுறை கிழிந்தால் கிழிந்ததே. அதில் விளைந்த நெல்லும் நெய்த துணியும் பதிவாகியிருக்கின்றன. பொன்னின் ஒலிக்குச் செவி கொடுக்குமுன் அவற்றை நினைவிற் கொள்வோமாக.